கதவா, கையா

திங்கட்கிழமை காலையில் ஃபிளாஸ்க்கைக் கையில் எடுத்தபோதே வேல்விழிக்குத் தெரிந்துவிட்டது. ரோஸ் நிறத்தில் இருக்கவேண்டிய திரவம் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்தாள். உருண்டையாக, மினுமினுப்பாக மிதக்கவேண்டிய செல்கள் சுருங்கி, ஓரம் பிய்ந்து கிடந்தன. அவற்றின் இடுக்குகளில் எல்லாம் ஊசிமுனைப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. பாக்டீரியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். புள்ளிகள் இன்னும் மும்முரமாகத் துடித்தன.

ஃபிளாஸ்க் போனால் போகட்டும், அதில் இருந்தது வெறும் மிச்சம்தான். ஆனால் சனிக்கிழமை இதே ஃபிளாஸ்க்கிலிருந்துதான் அடுத்த ஹாலில் நிற்கும் பெரிய டேங்க்குக்கு விதையாகச் செல்கள் போயிருந்தன. வேல்விழி அங்கே ஓடினாள். டேங்க்கின் திரையில் ஆக்சிஜன் கோடு சரிந்து சரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஏற்கெனவே இசைவாணி நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை விதையை எடுத்து மாற்றியவள் அவள்தான். திரும்பி வேல்விழியைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் கேள்வி எதுவும் இல்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற சாலையில், ஒருகாலத்தில் காலண்டர் குடோனாக இருந்த கட்டடம் அது. முதலாளி ராம்குமாரின் குடும்பத்துக்குப் பட்டாசும் அச்சும்தான் தொழில். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து குடோனைக் காலிசெய்து, தரையைக் கண்ணாடிபோல் வழவழவென்று பூசி, ஏசியும் வடிகட்டிகளும் மாட்டி, மருந்துக் கம்பெனி ஆக்கினார். சீன வெள்ளெலி ஒன்றின் சூலகத்திலிருந்து என்றைக்கோ எடுக்கப்பட்ட செல்களின் வாரிசுகள் இங்கே வளர்கின்றன. மனித ஜீன் ஒன்றை அவற்றுக்குள் புகுத்தி, வெந்துபோன தோலைச் சீக்கிரம் மூடவைக்கும் புரதம் ஒன்றைச் செய்யவைக்கிறார்கள். பாக்டீரியாவிடம் கொடுத்தால் இதே வேலையை மலிவாகவும் வேகமாகவும் முடித்துவிடும். ஆனால் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்ட அதற்குத் தெரியாது. ஒட்டாவிட்டால் அந்தப் புரதம் மனித உடம்பில் எடுபடாது. அந்தக் கைப்பக்குவம் பாலூட்டியின் செல்லுக்குத்தான் உண்டு. அதனால்தான் இவ்வளவு உபசாரம். சூடு கொஞ்சம் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. காற்று அளந்து விடவேண்டும். தீனி நேரம் தவறக்கூடாது. வெளியிலிருந்து ஒரு கிருமி வந்தால் எதிர்த்து நிற்கத் தெரியாது, அப்படியே செத்துவிடும். இசைவாணி அவற்றுக்கு வைத்திருந்த பெயர் மாமியாள். ஷிஃப்ட் மாறும்போது, “மாமியாளுகளுக்குச் சாப்பாடு வச்சாச்சா, இல்ல கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் பொறப்பட்டுட்டாகளா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள்.

அன்றைக்கு அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஹைதராபாத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்தப் புரதத்தை வாங்கப்போகிறவர்கள் அவர்கள். ஓடுகிற டேங்க்கைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை உறுதிசெய்வதாகப் பேச்சு. கூடவே, இங்கிருந்து ஒரு ஆளைத் தங்கள் ஆலைக்கு அழைத்துக்கொண்டுபோய்ப் பயிற்சி கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். அந்த ஆள் இசைவாணி என்று முடிவாகியிருந்தது. அவளுக்கு அடுத்த பெயர் வேல்விழி. இதில் வேல்விழிக்கு வருத்தம் இருந்தது. ஆனால் பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கிற அளவுக்கு இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குள் டேங்க்கைக் கொன்றுவிட்டார்கள். நீராவி விட்டு, உள்ளே இருந்ததை எல்லாம் வேகவைத்து, கழிவுக் குழாயில் இறக்கினார்கள். வராந்தா முழுக்கக் கெட்டுப்போன சூப் வாடை அடித்தது. உற்பத்தி மேனேஜர் ராஜபாண்டியன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். குரலை உயர்த்தவில்லை. இசைவாணியை மட்டும் நீண்டநேரம் வைத்திருந்தார். வெளியே வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

சாயங்காலம் கம்பெனி வேன் சாத்தூரில் இறக்கிவிட்டது. தாயில்பட்டி பஸ்ஸுக்காக வேல்விழியும் அவள் அம்மா அய்யம்மாளும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். அய்யம்மாளும் அதே கம்பெனிதான். கூட்டித் துடைக்கிற வேலை. ஒரு வருடத்துக்கு முன்னால் வேல்விழிதான் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அதுவரை பட்டாசு ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற பட்டாசு ஆலையில் காகிதக் குழாய்க்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தவள். வெள்ளரிக்காய்க்காரி தட்டை நீட்டியதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சாதாரணமாகத்தான் அய்யம்மாள் ஆரம்பித்தாள்.

“ஏத்தா, சனிக்கெழம நீ அந்தச் சின்ன ரூம்புக்குள்ள தனியா இருந்தேல்ல?”

“நான் இல்லம்மா. அங்க வெத மாத்துனது இசைவாணி.”

“நீயின்னுல்ல நெனச்சேன். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையா முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறீக. முதுகு ஒன் முதுகு மாதிரியே இருந்துச்சு.”

வேல்விழி அம்மாவின் பக்கம் திரும்பினாள். “என்னம்மா பண்ண?”

“கதவு சாத்தாம இருக்க அட்டைய மடிச்சு அடியில சொருகுனேன். நீ எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துரலாம்னு. அங்கிட்டுக் கூட்டிட்டு வந்து பாத்தா அட்டையக் காணோம், கதவு அடைச்சிருக்கு. நீதான் எடுத்திருப்ப, வீட்டுக்கு வந்து வையப்போறன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, கோவமில்லபோலன்னு விட்டுட்டேன்.”

இது முதல் தடவை அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி இரண்டு கதவுகளை அய்யம்மாள் திறந்துவைத்திருக்கிறாள். யாரும் பார்ப்பதற்கு முன்னால் வேல்விழி மூடிவிட்டு, வீட்டில் வந்து கத்தினாள். அந்த அறைகளின் கதவு மூடியிருந்தால்தான் உள்ளே சுத்தக் காற்றின் அழுத்தம் நிற்கும், திறந்தால் வராந்தாத் தூசி எல்லாம் உள்ளே வந்துவிடும் என்று பலூனை ஊதிக் காட்டி விளக்கினாள். அய்யம்மாளுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் பட்டாசு ஆபீஸில் அவள் படித்த பாடம் வேறு. அங்கே ஒவ்வொரு அறைக்கும் சுற்றிலும் கதவு இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்வரை அத்தனையும் வெளிப்பக்கமாகத் திறந்து கொக்கி போட்டிருக்கவேண்டும். மழைச்சாரல் அடித்தாலும் மூடக்கூடாது. பொறி ஒன்று தெறித்தால் எழுந்து ஓட அது ஒன்றுதான் வழி. வேலைக்கு வருகிற புதுப்பெண்ணுக்கு மருந்தைத் தொடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் கொக்கியைத்தான் தொடச் சொல்வார்கள்.

வேல்விழியின் அப்பா முனியசாமி வேலை பார்த்தது உள்குத்தகைக்கு எடுத்து நடத்திய ஒரு பட்டாசு ஷெட்டில். அளவுக்கு மேல் ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சோதனைக்கு அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று போன் வந்ததும் கதவுகளை இழுத்து அடைத்து, வெளியே பூட்டைப் போட்டுவிட்டார்கள், உள்ளே ஆட்கள் இருக்கும்போதே. அன்றைக்கு ஜீப் வரவே இல்லை. உள்ளே பொறி விழுந்து, சாவியைக் கொண்டு வருவதற்குள் கூரை போய்விட்டது. முனியசாமி வெளியே வரவில்லை. அய்யம்மாள் அடுத்த ஷெட்டிலிருந்து ஓடிவந்து, எரிகிற கதவைக் கையால் இழுத்தவள். அவள் உள்ளங்கைத் தோல் இன்றைக்கும் வழவழப்பாக, ரேகை இல்லாமல் இருக்கும்.

“எத்தன தடவம்மா சொன்னேன்.”

“சொன்ன. மண்டைக்குள்ள இருக்கத்தான் செய்யுது. அடைச்ச ரூம்புக்குள்ள நீ தனியா இருக்கன்னு தெரிஞ்சா இந்தக் கையி சும்மா இருக்க மாட்டேங்குது தாயி.” அப்புறம், “அந்தப் புள்ளயத்தான் போட்டு உருட்டுறாக. நாளைக்கு நானே போய்ச் சொல்லிர்றேன்,” என்றாள்.

“நீ வாயத் தொறக்காத.”

சொன்ன வேகத்தில் வேல்விழிக்கே ஆச்சரியமாக இருந்தது. பஸ் வந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப்போட்டுப் பார்த்தாள். அம்மா சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சிபாரிசு செய்தவள் என்று தனக்கும் போகும். அம்மா மறுபடி மருந்து செலுத்தப் போவாள். அதைவிட வேறு ஒன்று அவளை அரித்தது. அட்டையைத் தான் எடுக்கவில்லை. இசைவாணி எடுக்கவில்லை, எடுத்திருந்தால் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் திறந்திருந்த கதவைப் பார்த்து, அட்டையை உருவி, சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனது யார்?

அடுத்த நாள் முழுக்க அவள் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தபடியே வேலை செய்தாள். இசைவாணி உணவு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை செய்த ஒவ்வொன்றையும் காற்றில் செய்து காட்டினாள். கையில் ஸ்பிரிட் அடித்தது, மூடியைத் திருகியது, குழாயை இணைத்தது, மறுபடி ஸ்பிரிட் அடித்தது. எந்த இடத்தில் விரல் பட்டிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தாள். கழுவிக் கழுவி விரல்கள் வெளுத்து, நகக்கண் ஓரம் உரிந்திருந்தது.

“என் கை சுத்தமாத்தான் வேலு இருந்துச்சு. நீயாவது நம்புறியா?”

“நம்புறேன்” என்றாள் வேல்விழி. அதைவிட உண்மையான வார்த்தையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. இசைவாணிக்கு அதிலேயே கண் நிறைந்துவிட்டது. டப்பாவைத் திறந்து பாதிச் சோற்றை வேல்விழிக்கு வைத்தாள். அந்தச் சோற்றை வேல்விழி கடைசிப் பருக்கைவரை தின்றாள்.

புதன்கிழமை அவளால் முடியவில்லை. ராஜபாண்டியன் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாதான் கதவைத் திறந்துவைத்தாள். சனிக்கிழமை செல்களின் தீனியான மீடியம் லோடு இறங்கிக்கொண்டிருந்ததால் வராந்தாவின் கடைசியில் ஷட்டரும் திறந்திருந்தது. தூசி நேராக உள்ளே போயிருக்கும். இசைவாணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவளுக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் உடம்பு லேசானதுபோல் இருந்தது.

ராஜபாண்டியன் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

“தெரியும்மா. அந்த அட்டைய எடுத்ததே நான்தான்.”

“எப்ப சார்?” என்றாள் வேல்விழி.

“போற போக்குல பாத்தேன். உருவிப் போட்டுட்டு மூடிட்டேன்.”

“அப்பவே சொல்லியிருந்தா அந்த ஃபிளாஸ்க்கத் தூக்கிப் போட்டுருக்கலாமே சார். டேங்க் பொழச்சிருக்கும்.”

“தூக்கிப் போட்டா வியாழக்கெழம எந்த டேங்க்கக் காட்டுறது? முதலாளிக்கு ஓடுற டேங்க் வேணும். கதவு கொஞ்சநேரம் தொறந்திருந்தா எல்லாத் தடவையும் கெட்டா போவுது? ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். ஆயிருச்சு.” கொசுக்கடியைச் சொறிவதுபோல் முழங்கையைச் சொறிந்துகொண்டார். “இப்ப நீ கதவுன்னு சொல்ற. சொல்லுவோம். கதவு தொறந்தா அலாரம் அடிச்சிருக்கணுமே, ஏன் அடிக்கலைன்னு ஹைதராபாத்காரவுக கேப்பாக. கரண்டு போறப்பெல்லாம் கத்துதுன்னு அலாரம் வயரக் கழத்திவச்சது யாருன்னு கேப்பாக. கழத்தச் சொன்னது நான். முதலாளிக்கும் தெரியும். அதோட கம்பெனிக்குப் பூட்டுத்தான். ஒனக்கு, ஒங்கம்மாவுக்கு, எல்லாருக்கும். கதவுன்னா எங்கெங்கயோ போகும்மா. கைன்னா அந்தக் கையோட போயிரும்.”

“அது இசைவாணி கை சார்.”

“ஆமா” என்றார். மறுக்கவே இல்லை. “ஒங்கம்மா பேரு எங்கயும் வராது. அவுக பாட்டுக்கு வேல பாக்கட்டும். ஹைதராபாத்துக்கும் ஒரு ஆளு போயாகணும்ல. ஒன் பேரத்தான் சொல்லிவச்சிருக்கேன்.”

அந்த இடத்திலேயே திரும்பி வெளியே வந்திருக்கவேண்டும். வேல்விழி வரவில்லை. அவர் கைகாட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். பயிற்சி எத்தனை மாதம் என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தான் என்பது அவர் பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கு வீட்டில், மேனேஜரிடம் தானே சொல்லிவிட்டதாக வேல்விழி சொன்னாள். என்னத்தா சொன்னாக என்று அய்யம்மாள் கேட்டதற்கு, எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னாள். அய்யம்மாள் நம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வரலாம், அந்தப் புள்ளயையும் கூட்டிக்கொள்வோம் என்றாள்.

வியாழக்கிழமை ஹைதராபாத்திலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். நரைத்த கிராப்பு. காலி டேங்க்கைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கவில்லை. இப்படி நடப்பதுதான், எப்படி நடந்தது என்று தெரிந்தால் போதும் என்றாள். ராம்குமாருக்கு மூச்சு வந்தது. விதை மாற்றிய பெண்ணின் கைத்தவறு என்று ராஜபாண்டியன் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இளம்பெண், அனுபவம் போதாது, நடவடிக்கை எடுத்துவிட்டோம். பக்கத்தில் நின்ற இசைவாணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள் என்று தோன்றியது.

அந்த அம்மாள் அத்தோடு விடவில்லை. வராந்தாவில் நடந்துபோய், அந்தச் சின்ன அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். அது தானாக மெல்லச் சாத்திக்கொள்ளும்வரை நின்று பார்த்தாள். பிறகு அங்கே இருந்தவர்களில் வேல்விழியைத் தேர்ந்தெடுத்து, தெலுங்கு வாடை வீசும் தமிழில் கேட்டாள்.

“அன்னிக்கு இந்தக் கதவு மூடியே இருந்ததாம்மா?”

வராந்தாவின் கடைசியில், துடைப்பான் கழியைப் பிடித்தபடி சுவரோடு சுவராக அய்யம்மாள் நின்றுகொண்டிருந்தாள். விருந்தாளிகள் போகும்வரை ஒதுங்கி நிற்கச் சொல்லியிருந்தார்கள். வேல்விழிக்கு அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தாள். அய்யம்மாள் தலையை லேசாக அசைத்தாள். சொல்லு, என்பதுபோல்.

“மூடித்தான் இருந்தது மேடம்.”

அந்த அம்மாள் தலையாட்டினாள். அய்யம்மாள் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். “அம்மா, நான் ஒண்ணு...” என்று ஆரம்பித்தாள். ராஜபாண்டியன் சிரித்த முகத்தோடு திரும்பினார். “அந்தப் பக்கம் ஈரமா கெடக்கு பாருங்க, யாராச்சும் வழுக்கி விழுந்துறப் போறாக,” என்று சொல்லி, வந்தவர்களை மறுபக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அய்யம்மாள் காய்ந்துகிடந்த தரையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இசைவாணி எதையும் கவனிக்கவில்லை. அவளை மேலே ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜபாண்டியன் வந்து வேல்விழியிடம் விதைச் செல் ஜாடியின் சாவியைக் கொடுத்தார். வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கண் முன்னால் புது விதை ஏற்றவேண்டும், நம்பிக்கை வரும் என்றார். ஒப்பந்தம் போகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். நன்றி என்றும் சொன்னார்.

வேல்விழி திரவ நைட்ரஜன் ஜாடியைத் திறந்து, புகைக்குள்ளிருந்து சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். தயாரிப்பு அறையின் ஜன்னல் ஓரத்தில் வெந்நீர்த் தொட்டி இருந்தது. குப்பியைக் கழுத்துவரை நீரில் விட்டு வட்டமாக ஆட்டத் தொடங்கினாள். அதற்குள் கோடிக்கணக்கில் செல்கள் உறைந்து கிடக்கின்றன. முழுதும் கரையவிடக்கூடாது. மிளகு அளவு பனி மிச்சம் இருக்கும்போதே எடுத்து, புது மீடியத்தில் விட்டுவிடவேண்டும். தாமதித்தால், உறையும்போது காப்பாற்றிய அதே மருந்து இப்போது அவற்றைக் கொல்லத் தொடங்கும். ஹைதராபாத் அம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானமான கை, என்று ராம்குமாரிடம் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் முற்றம் வெளுத்துக்கிடந்தது. இசைவாணி தோள்பையோடும் சாப்பாட்டு டப்பாவோடும் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அய்யம்மாள் வந்தாள். கம்பெனியின் நீல அங்கி இல்லை. காலையில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த அரக்குச் சேலையோடு, வேகவேகமாக. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பங்கன்றின் கொஞ்சூண்டு நிழலில் அவளைப் பிடித்துவிட்டாள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பேசினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அய்யம்மாள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையாலேயே கட்டடத்தைக் காட்டினாள். இசைவாணி குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை ஏதோ கேட்டாள். அய்யம்மாள் கட்டடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

இசைவாணி அழவில்லை. தலையை நிமிர்த்தி, கட்டடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த ஜன்னலில் அவள் பார்வை நின்றது.

பின்னாலிருந்து யாரோ, போதும் போதும், எடும்மா, என்றார்கள். குப்பிக்குள் பனி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. வேல்விழியின் கை வெந்நீருக்குள் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருந்தது.